மீடியத்துக்குக் கொஞ்சம் மேலே

எங்கள் வீட்டில் ‘குண்டு’ என்ற சொல்லை யாரும் சொல்லக் கூடாது. அம்மா போட்ட சட்டம் அது. குண்டு பல்பைக் கூட நாங்கள் மஞ்சள் பல்பு என்றுதான் சொல்வோம். பூக்காரம்மா தெருவில் “குண்டு மல்லி, குண்டு மல்லி” என்று கூவிக்கொண்டு வரும்போது அம்மா எழுந்து போய் ரேடியோவைச் சத்தமாக வைப்பாள். எல்லாம் அக்காவுக்காக.

அக்கா பெரிய உருவம். இப்போது இதை எழுதுவதற்கே கை கொஞ்சம் தயங்குகிறது, அம்மா எங்கிருந்தாவது எட்டிப் பார்த்துவிடுவாளோ என்று. ஆவடியைத் தாண்டி முத்தாபுதுப்பேட்டையில் எங்கள் வீடு. அக்கா பக்கத்திலேயே ஒரு நர்சரிப் பள்ளியில் டீச்சர். மதியம் தூக்கம் வந்தால் பிள்ளைகள் பாயைத் தேட மாட்டார்கள், அவளைத்தான் தேடுவார்கள். இடுப்பில் ஒன்று, தோளில் ஒன்று, மடியில் ஒன்று என்று உட்கார்ந்திருப்பாள். மாதா கோயில் பாடகர் குழுவில் அவள் குரல்தான் கீழே நின்று மற்ற குரல்களைத் தாங்கும். ஆனால் ஒருமுறை குழுவைப் படம் எடுக்க வந்தவர், “சிஸ்டர், நீங்க கொஞ்சம் ஓரமாப் போங்க, ஃப்ரேம்ல அடங்கல” என்றார். அன்றோடு எந்தப் படத்துக்கும் அவள் நிற்பதில்லை. யாராவது கேமராவை எடுத்தால் எல்லோருடைய பைகளையும் வாங்கிக்கொண்டு ஒதுங்கிவிடுவாள்.

தமிழில் தடை போட்டுவிட்டால் ஆள் இளைத்துவிடுமா? இல்லையே. அதனால் எங்கள் வீட்டுக்குள் இங்கிலீஷ் வந்தது. ‘ஹெல்தி’ என்றாள் அம்மா. ‘நல்ல பாடி’ என்றார் அப்பா. எதிர்வீட்டு அண்ணி ‘சப்பி’ என்பாள், கன்னத்தைக் கிள்ளிக்கொண்டே. கல்லூரிக்குப் போன சித்தி மகன் ‘பல்க்’ என்றான், அவனுக்கு நான் ஒரு அடி வைத்தேன். இங்கிலீஷில் சொன்னால் உறைக்காது என்று எல்லோருக்கும் ஒரு நம்பிக்கை. ஊசி போடும்போது நர்ஸம்மா வேறு பக்கம் பார்க்கச் சொல்வார்களே, அது மாதிரிதான். வேறு பக்கம் பார்த்தாலும் ஊசி குத்தத்தான் செய்கிறது.

எனக்கு அப்போது அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் வேலை. வெளிநாட்டுக்குப் போகும் சட்டைகளில் சைஸ் லேபிள் சரியாக வைத்துத் தைத்திருக்கிறார்களா என்று பார்த்து, மடித்து, பெட்டியில் அடுக்க வேண்டும். நாள் முழுக்க ஸ்மால், மீடியம், லார்ஜ், எக்ஸ்ட்ரா லார்ஜ் என்று கண்ணுக்குள் ஓடும். அதற்கும் மேலே ஒன்று உண்டு என்று எனக்குத் தெரியாது. ஒருநாள் அந்தச் சட்டை வந்தது. பெண்கள் சட்டை, மேஜையின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை விரிந்து கிடந்தது. டபுள் எக்ஸ்எல் என்றார் சூப்பர்வைசர். அதில் மட்டும் பெட்டி பெட்டியாக ஆர்டர். எனக்கு அழுகை வந்துவிட்டது. சந்தோஷ அழுகைதான். உலகத்தில் எங்கேயோ ஓர் ஊரில் அக்கா மாதிரிப் பெண்கள் இவ்வளவு பேர் இருக்கிறார்கள், அவர்களுக்கென்று லேபிள் அடித்து, பூப்போட்ட துணியில் தைத்து, கடையில் எல்லோரும் பார்க்கத் தொங்கவிடுகிறார்கள். அன்று சாயந்திரம் ரயிலைப் பிடித்து, பஸ்ஸைப் பிடித்து, மூச்சு வாங்க வீட்டுக்கு வந்து அக்காவிடம் சொன்னேன்.

“அந்த ஊருக்கு டிக்கெட் எவ்ளோடி?” என்று கேட்டாள் அவள். சிரித்தாள். நானும் சிரித்தேன்.

அந்த ஊர் தூரமாக இருந்தது. கல்யாணம் இந்த ஊரில் நடக்க வேண்டியிருந்தது. எங்கள் கோயில் பங்கில் வரன் பார்த்துச் சொல்பவர் ரிட்டயரான ஒரு டீச்சரம்மா. பூசை முடிந்ததும் கோயில் வாசலில் வேப்பமரத்தடியில் நிற்பார், கல்யாணத்துக்குப் பிள்ளை வைத்திருப்பவர்கள் எல்லாம் அவரைச் சுற்றி நிற்பார்கள். அவர் பேச்சில் யாருக்கும் ஒரு குறையும் கிடையாது. ஆண்பிள்ளை பருமனாக இருந்தால் ‘பர்சனாலிட்டி’. தொப்பை இருந்தால் ‘வெல் செட்டில்டு’. எலும்பும் தோலுமாக இருந்தால் ‘ஸ்மார்ட்’. பெண்பிள்ளை குள்ளமாக இருந்தால் ‘க்யூட்’. அக்காவைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் ஒரு நிமிடம் கையைக் காற்றில் மேலும் கீழும் ஆட்டி யோசிப்பார். “மீடியத்துக்குக் கொஞ்சம் மேல. ஹெல்தி டைப்.”

அந்தக் ‘கொஞ்சம்’தான் எங்களைக் கவிழ்த்தது. கொஞ்சம் என்று கேட்டு வந்தவர்கள், காபி டம்ளரோடு அக்கா வரும்போது ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். பூந்தமல்லியிலிருந்து வந்த ஒரு வீட்டார் கேசரியை முழுக்கச் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். “பொண்ணு குணமெல்லாம் தங்கம்தான், சைஸ்தான் கொஞ்சம் ஜம்போவா இருக்குன்னு ஃபீல் பண்றாங்க” என்று டீச்சரம்மா வந்து சொன்னார். அக்கா உள்ளே பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். தேய்க்கும் சத்தம் நின்று, பிறகு இன்னும் வேகமாகக் கேட்டது. எனக்கு வந்த கோபத்துக்கு அந்தக் கேசரியைத் திரும்ப வாங்கி வரலாமா என்றிருந்தது. இதே மாதிரி இன்னும் சில வீடுகள். ஒவ்வொன்றுக்கும் பிறகு அக்கா ஒரு பிடி சோறு குறைப்பாள். அம்மா ஒரு செபமாலை கூடுதலாகச் சொல்வாள்.

பிறகு காட்டுப்பாக்கத்து வரன் வந்தது. மாப்பிள்ளை லாரி பாடி கட்டும் பட்டறையில் வேலை செய்தார். டீச்சரம்மா கணக்கில் ‘ஸ்மார்ட்’, அதாவது சட்டைக் காலருக்குள் கழுத்து தனியாக ஆடிக்கொண்டிருந்தது. அவருக்கு அப்பா இல்லை. அம்மா ஒரு கான்வென்ட்டில் சமையல் வேலை. சின்ன உருவம், குருவி மாதிரி. பேச்சு மட்டும் வீட்டை நிறைக்கும். அந்த அம்மா அக்காவைப் பார்த்ததும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. “இன்னாம்மா, காபி நீயே போட்டியா? சக்கர கொஞ்சம் தூக்கலா கீது. எனுக்கு இப்டிதான் பிடிக்கும்” என்றார். மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார். அவ்வளவுதான், பிடித்துவிட்டது என்று அங்கேயே சொல்லிவிட்டார்கள். எங்களால் நம்ப முடியவில்லை. அம்மாவால் கடைசிவரை நம்ப முடியவில்லை, அதுதான் பிரச்சினை.

தவக்காலம் தொடங்கும் முன்னால், சாம்பல் புதனுக்கு முந்தின வாரம் நிச்சயம் வைத்தார்கள். தவக்காலத்தில் கல்யாணம் கிடையாது என்பதால் கல்யாணம் ஈஸ்டருக்குப் பிறகு. மோதிரம் மாற்றி முடிந்ததும் மாப்பிள்ளையின் அந்தச் சின்ன அம்மா எக்கி நின்று அக்காவைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். நான் பின்னால் நின்றேன். அக்காவின் முதுகுக்குப் பின்னால் அந்த இரண்டு கைகளும் ஒன்றையொன்று தேடின. கிடைக்கவில்லை. இருந்தும் அவர் சட்டென்று விடவில்லை, நன்றாக நேரம் எடுத்துக்கொண்டுதான் விட்டார்.

மறுவாரம் டீச்சரம்மா வந்து அளவு ஜாக்கெட் கேட்டார். கல்யாணப் புடவையும் அதற்கு ஜாக்கெட்டும் மாப்பிள்ளை வீட்டார் எடுப்பது வழக்கம். காட்டுப்பாக்கத்தில் அவர்களுடைய டைலரிடம் தைக்க, பெண்ணின் பழைய ஜாக்கெட் ஒன்று வேண்டும். அக்கா பெட்டியிலிருந்து தன் ஜாக்கெட்டை எடுத்துக் கொடுத்தாள். அம்மா அதைக் கட்டிலில் விரித்தாள். புடவைக்குள் இருக்கும்போது அது ஒரு ஜாக்கெட். தனியாகக் கட்டிலில் கிடக்கும்போது அதன் அகலம் மட்டும்தான் தெரிந்தது.

“இதையா அனுப்புறது?” என்றாள் அம்மா. “அவங்க வீட்ல நாலு பொம்பளைங்க இருப்பாங்க. ஆளாளுக்கு விரிச்சுப் பாப்பாங்க.”

“அவங்கதான் என்னையே பாத்துட்டாங்களேம்மா” என்றாள் அக்கா.

“புடவைலதானே பாத்தாங்க. அதுல என்ன தெரியும்?”

அம்மா கொடியிலிருந்து என் ஜாக்கெட்டை உருவினாள். நான் கம்பெனி லேபிள்படி மீடியம். “அம்மா, உனக்குப் பைத்தியமா?” என்று நான் கத்தினேன். அவளிடம் பதில் தயாராக இருந்தது. தவக்காலம் முழுக்க நாற்பது நாள் ஒருசந்தி நோன்பு. கூடவே கொள்ளு ரசம், கொள்ளுக் கஞ்சி, கொள்ளுத் துவையல். “இளைச்சவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளுன்னு சும்மாவா சொன்னாங்க? ஈஸ்டர் வர்றதுக்குள்ள இந்த அளவுக்கு வந்துடுவா. சேசுவே பாத்துக்குவார்.” சேசு நாற்பது நாள் பாலைவனத்தில் நோன்பிருந்தது ஜாக்கெட் அளவுக்காக என்று நினைத்த ஒரே ஆத்துமா என் அம்மாதான்.

அக்கா கட்டிலில் கிடந்த தன் ஜாக்கெட்டைக் கை வேறு, உடல் வேறாக மடித்து, பெட்டியின் அடியில் வைத்து மூடினாள். அம்மாவை அவளும் தடுக்கவில்லை. அவளுக்கும் அந்த ஆசை இருந்திருக்கிறது.

அந்தத் தவக்காலத்தில் எங்கள் வீட்டில் வீசிய கொள்ளு வாசனைக்கு, தெருவில் குதிரை ஏதும் போயிருந்தால் உள்ளே வந்திருக்கும். அக்கா காலையில் கஞ்சி, மதியம் ரசம், இரவில் தண்ணீர் என்று கிடந்தாள். பெரிய வெள்ளிக்கிழமை சிலுவைப் பாதையில் ஏழாம் ஸ்தலத்தில் தலை சுற்றி என் தோளில் சாய்ந்தாள். சேசு இரண்டாம் முறை விழுந்த இடம் அது. நான் வீட்டுக்கு வந்து கொள்ளு டப்பாவைத் தூக்கிக் கொல்லையில் கொட்டினேன். அம்மா திட்டவில்லை, உட்கார்ந்து அழுதாள். ஈஸ்டருக்கு அக்காவின் கன்னம் மட்டும் வற்றியிருந்தது. மற்றதெல்லாம் இருந்த இடத்திலேயே இருந்தது.

கோயிலில் ஓலை வாசிக்கத் தொடங்கினார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை ஏதாவது தெரிந்தால் சொல்லுங்கள் என்று பங்குச் சாமியார் மூன்று ஞாயிறு வாசிப்பார். ஒவ்வொரு முறையும் அம்மா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொள்வாள். யாரோ எழுந்து, ‘இந்தப் பெண்ணின் ஜாக்கெட் இவளுடையது அல்ல’ என்று சொல்லிவிடுவார்கள் போல.

மூன்றாவது ஓலை வாசித்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அந்தச் சின்ன அம்மா புடவையையும் ஜாக்கெட்டையும் எடுத்துக்கொண்டு காட்டுப்பாக்கத்திலிருந்து தனியாக பஸ் மாறி வந்தார். கல்யாணம் புதன்கிழமை. “இன்னா சம்மந்தி, வாசல்லயே நிக்க வச்சிட்டீங்கோ, ஊட்டுக்குள்ள வுட மாட்டீங்களா?” என்ற பிறகுதான் அம்மாவுக்குச் சுயநினைவு வந்தது. அரக்கு நிறப் பட்டு. ஜாக்கெட்டும் அதே அரக்கு. அம்மா இரண்டையும் வாங்கி அக்கா கையில் கொடுத்து, “உள்ள வை, அப்புறம் பாத்துக்கலாம்” என்று கண்ணைக் காட்டினாள்.

அக்கா உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். நான் அவள் பின்னாலேயே போனேன். வேண்டாம் என்று சொல்வதற்குள் அவள் கையை நுழைத்துவிட்டாள். கை பாதியில் நின்றது. எப்படியோ ஏற்றினாள். முன்பக்கம் இரண்டு பக்கத்துத் துணியும் ஒன்றையொன்று எட்டவே இல்லை, கொக்கியாவது வளையமாவது. கண்ணாடியில் தன்னைப் பார்த்துக்கொண்டு அசையாமல் நின்றாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். வெளியே அம்மாவின் குரல் கேட்டது: “கொழந்த இப்ப நல்லா ஸ்லிம் ஆயிட்டா சம்மந்தி, நீங்களே பாத்தீங்கல்ல?”

அம்மா உள்ளே எட்டிப் பார்த்தாள். ஒரே பார்வையில் புரிந்துகொண்டாள். “கழட்டு, கழட்டு. ஆவடில எங்க டைலர்கிட்ட குடுத்து நாளைக்கே துணி ஒட்டுப் போட்டுடலாம். அவங்களுக்குத் தெரிய வேணாம்” என்று கிசுகிசுத்தாள்.

அக்கா அதைக் கழற்றினாள். தன் பழைய ஜாக்கெட்டைப் போட்டு, புடவையைச் சரி செய்து, அரக்கு ஜாக்கெட்டைக் கையில் எடுத்தாள். அம்மா கையைப் பிடித்து இழுத்தாள். அக்கா அந்தக் கையை மெல்ல விலக்கிவிட்டு வெளியே போனாள். கல்யாணத்துக்கு மூன்று நாள். இப்போது இந்த வீட்டாரும் கேசரி சாப்பிட்டுவிட்டுப் போனால், அக்கா அதற்குப் பிறகு எந்தக் காபி டம்ளரையும் தூக்கியிருக்க மாட்டாள்.

“அத்தை, இது எனக்குப் பத்தல” என்றாள். “உங்ககிட்ட வந்த அளவு ஜாக்கெட் என்னோடது இல்ல. தங்கச்சியோடது. என்னோடத அனுப்ப வெக்கப்பட்டோம். அம்மா மட்டும் இல்ல, நானும்தான். நான் இவ்ளோதான், இதுக்கு மேல இளைக்க மாட்டேன். உங்களுக்கு வேணாம்னு தோணுச்சுன்னா இப்பவே சொல்லிடுங்க.”

அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டாள். அந்தச் சின்ன அம்மா டீ டம்ளரைக் கீழே வைத்தார். அக்கா கையிலிருந்து ஜாக்கெட்டை வாங்கி உட்புறத்தை வெளியே திருப்பினார். என் வேலையே தையலைப் பார்ப்பதுதான், ஆனால் அப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை. இரண்டு பக்கவாட்டிலும், கைகளிலும், முன்பட்டையிலும் துணி மடிப்பு மடிப்பாக உள்ளே விட்டிருந்தது. ஒவ்வொரு மடிப்புக்கும் நூல் லேசாக ஓட்டியிருந்தது, இழுத்தால் வந்துவிடும்.

“நிச்சயத்தன்னிக்கி உன்ன கட்டிப் புடிச்சேனே, மறந்துட்டியா?” என்றார் அக்காவிடம். “என் கை ரெண்டும் பின்னால சேரவே இல்ல. டீச்சரம்மா குட்த்த ஜாக்கெட்டப் பாத்தா, என் கை ரெண்டு சுத்து சுத்தும். இன்னாடா இது ஒத்து வரலியேன்னு பாத்தேன். சரி, பெத்தவ மனசு, இன்னா நெனச்சி குட்த்தாங்களோ. நானா பெருசா தச்சிகினு வந்தா அவுங்க மொகம் சுண்டிப்பூடும். அதான் டைலராண்ட, குட்த்த அளவுக்கே தையிப்பா, உள்ள மட்டும் துணிய தாராளமா வுடுன்னேன். அவன் கத்துறான், இன்னாம்மா, ஒரு ஜாக்கெட்டுக்குள்ள இன்னொரு ஜாக்கெட்டு கீதுன்னு. கெளம்பும்போது உங்கம்மா காதுல சொல்லிட்டுப் போலாம்னு இருந்தேன். நீ முந்திக்கினே.”

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழத் தொடங்கினாள். “மன்னிச்சிடுங்க சம்மந்தி” என்றாள். “அட வுடுங்க, பொண்ணப் பெத்தா இதெல்லாம் உண்டுதான். டீ ஆறுது பாருங்க” என்றார் அவர். அக்கா அந்தச் சின்ன அம்மாவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, நர்சரிப் பிள்ளைகள் அவள் மேல் சாய்வார்களே, அப்படி அவர் மேல் சாய்ந்தாள். அவ்வளவு பெரிய அக்கா அவ்வளவு சின்ன அம்மா மேல். பார்க்கச் சிரிப்பாகத்தான் இருந்தது. நாங்கள் எல்லோரும் அழுதுகொண்டிருந்தோம்.

நானே ஒரு பிளேடு எடுத்துத் தையலைப் பிரித்து, அக்கா அளவுக்குத் திரும்பத் தைத்தேன். எல்லா மடிப்பையும் பிரிக்க வேண்டியிருக்கவில்லை, ஒரு விரல் அகலம் மிச்சமே இருந்தது. பழைய தையல் போன வழியில் ஊசித் துளைகள் வரிசையாகத் தெரிந்தன. தேய்த்தும் போகவில்லை. கல்யாணத்தன்று எங்கள் பெரியம்மா ஒருத்தி அதைக் கண்டுபிடித்து, “என்னடி இது, பிரிச்சு தெச்ச மாதிரி இருக்கு?” என்று கேட்டாள். “ஆமா பெரியம்மா, பிரிச்சு தெச்சதுதான்” என்றாள் அக்கா. அன்று எல்லாப் படத்திலும் நடுவில் நின்றாள். படம் எடுத்தவர் நாலு அடி பின்னால் தள்ளி நின்று எடுத்துக்கொண்டார்.

அடுத்த வருஷம் அக்கா உண்டாகியிருந்தாள். காட்டுப்பாக்கத்துக்கு அவளைப் பார்க்கப் போயிருந்த நான், அவளுக்கு நைட்டி வாங்க அந்தச் சின்ன அம்மாவோடு பூந்தமல்லிக் கடைத்தெருவுக்குப் போனேன். நைட்டி அப்போதுதான் எல்லா வீட்டுக்கும் பரவிக்கொண்டிருந்தது. கடையில் சாயந்திரக் கூட்டம். கடைக்காரர் அடுக்கைப் பிடித்துக்கொண்டு, “சைஸ் சொல்லுங்கம்மா. மீடியமா, லார்ஜா, ஜம்போவா?” என்றார். எனக்குப் பழைய கோபம் சுர்ரென்று ஏறியது. டபுள் எக்ஸ்எல் என்று சத்தமாகச் சொல்ல வாயைத் திறந்தேன்.

அதற்குள் அந்தச் சின்ன அம்மா கூடையை என் கையில் கொடுத்துவிட்டார். இரண்டு கையையும் முன்னால் நீட்டி, யாரையோ கட்டிப் பிடிப்பது போல வளைத்தார். விரல்களுக்கு நடுவில் ஒரு சாண் இடைவெளி இருந்தது. கண்ணை மூடி ஒரு கணம் யோசித்தார். பிறகு, “இப்போ புள்ளத்தாச்சி” என்று சொல்லிக்கொண்டே இடைவெளியை இன்னும் கொஞ்சம் அகட்டினார்.

“இந்தாப்பா, என் மருமவ இம்மாம் இருப்பா. பாத்துக் குடு.”

பக்கத்தில் துணி பார்த்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கடைக்காரர் ஏணி வைத்து ஏறி, மேல் தட்டிலிருந்து நைட்டியை எடுத்து, அந்தக் கைகளுக்கு நேராக விரித்துக் காட்டும்வரை, அவர் அந்தக் கைகளை இறக்கவே இல்லை.